பெருநாள் மணலில் ஒரு சில்லுக்கதிரை

உன் வாழ்க்கையில் நீ மிகவும் ஆசைப்பட்டது எது என்று யாராவது என்னிடம் கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன், கேட்டவர் முகத்தைச் சுளித்தாலும் சரி. கக்கூசுக்குத் தனியாகப் போய்வர ஆசைப்பட்டேன். மற்றவர்களுக்குப் படிப்பு, கலியாணம், ஹஜ் என்று எத்தனையோ இருந்திருக்கும். எனக்கு எங்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து கிணற்றடிக்கு அப்பால் தெரிந்த அந்தத் தகரக் கதவு வரைக்கும், ஒருவரையும் கூப்பிடாமல் போய்வந்தால் போதும் என்றிருந்தது. சிரிக்கிறவர்கள் ஒரு பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நான் நடை பழகும் வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இரண்டு கால்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிறகு உம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தேன். இலங்கையின் கிழக்கே எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, அவளுடைய கலியாணம் முடிந்த அடுத்த வருடம் உம்மா மௌத்தானபோது, வாப்பா அதற்கு முன்பே போய்விட்டதால், வீடும் அதைச் சுற்றியிருந்த வளவும் முழுதாக ராத்தாவுடையவை ஆயின. கூடவே நானும். சீதனத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த சாமான் நான். ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், நல்ல மனிதர், அதை ஒருநாளும் என் காதுபடச் சொன்னதில்லை.

ஆனால் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தும் என்ன, அவர் எனக்கு அந்நிய ஆண். என் கையைத் தொடவே கூடாது என்றால் தூக்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே ராத்தா ஒருத்திதான். வீட்டுக்குள் நான் தவழ்ந்து திரிவேன். வளவில் இறங்கித் தவழ ராத்தா விடமாட்டாள். "குமர்ப்புள்ள, தெரு பாக்க மண்ணுல இழுபடுறதா? என்ட மானத்த வாங்காத" என்பாள். எனவே கூப்பிட வேண்டும். மீன் வெட்டிக்கொண்டு இருப்பாள், கூப்பிட வேண்டும். தொழுகைப் பாயில் நிற்பாள், முடியும்வரை காத்திருந்து கூப்பிட வேண்டும். வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தால் கூப்பிடவும் முடியாது. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். நோன்பு மாதம் வந்தால் எனக்கு ஒரு நிம்மதி இருக்கும். அப்போது ஊரே தொண்டை காய்ந்து கிடக்கும், நான் ஒருத்தி மட்டுமல்ல.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ராத்தா என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு வளவைக் கடக்கும் அந்த நேரம்தான் எங்களுடைய நேரம். என் தாடை அவள் தோளில் இருக்கும். அவள் வாய்க்கும் என் காதுக்கும் நடுவில் ஒரு விரல் போகாது. மச்சானுக்குச் சொல்ல முடியாதது, அடுத்த வீட்டுக்குச் சொல்லக் கூடாதது எல்லாவற்றையும் அப்போதுதான் சொல்லுவாள். "இஞ்ச கேளு, ஒரு புதினம்" என்று தொடங்கினால் தகரக் கதவு வருவதற்குள் யாருக்கு மாப்பிள்ளை குழம்பியது, யார் யாரோடு கோபம், எல்லாம் முடிந்துவிடும். முடியாவிட்டால் கிணற்றடியில் நின்று முடிப்பாள். ராத்தாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊர் கதைத்ததையும் அந்த வழியில்தான் சொல்லி, அந்த வழியிலேயே மூக்கைச் சிந்திவிட்டுப் போவாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ராத்தாவுக்கு முதுகின் அடியில் நாரி பிடிக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து எழுதிக் கொடுத்து, பாரம் தூக்காதே என்றார்கள். எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவிச்சி காரைதீவுக்காரி. வாய் கொஞ்சம் நீளம், மனம் சுத்தம். பாரம் எது என்று பார்க்க அவள் ஒருநாள் வீட்டுக்கே வந்தாள். என்னைப் பார்த்தாள், ராத்தாவைப் பார்த்தாள், தன் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள். சில மாதங்களுக்குப் பிறகு வெள்ளை வாகனம் ஒன்று சந்துபோன்ற எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. வெளிநாட்டு உதவி கொடுக்கும் யாரோ அனுப்பியது. அதிலிருந்து பொலித்தீன் சுற்றிய, கால் ஏலாதவர்கள் கையால் உருட்டிப் போகும் சில்லுக்கதிரை ஒன்றை இறக்கினார்கள். கூட வந்த மருத்துவிச்சி சிரித்துக்கொண்டு நின்றாள்.

ராத்தா சிரிக்கவில்லை. "இது என்னத்துக்கு? நான் என்ன மௌத்தாயிட்டனா?" என்றாள்.

"ஆர் சொன்ன? நீ இருக்கோணும் எண்டுதான் கொண்டு வந்திருக்கன்."

"என்ட முதுகு இரிக்கிற வரைக்கும் என்ட தங்கச்சி சில்லுல போகத் தேவல்ல."

"முதுகு இருந்தாத்தானே புள்ள. உன்ட முதுகுக்கு மருந்து தந்த ஆக்களே நாங்கதான்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொலித்தீனோடேயே ஏறி உட்கார்ந்திருப்பேன்.

வாகனம் போன பிறகு ராத்தா என் முன்னால் வந்து குந்தினாள். கோபம் என்றால் அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். "ஊர் என்ன கதைக்கும் தெரியுமா? உம்மா ஒப்படைச்ச புள்ளைய இவ இரும்புக்கு ஒப்படைச்சிட்டா எண்டு கதைக்கும். உன்ன ஒவ்வொரு தரம் தூக்கக்கொள்ளயும் எனக்கு நன்மை எழுதுபடுது. அதயும் இந்த இரும்புக்குக் குடுக்கச் சொல்றியா?"

"இரும்புக்கு ஆரும் நன்மை எழுதமாட்டாங்க, ராத்தா."

"வாயப் பாரு, வாய! காலுக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் உனக்கு வாய்க்குத்தான் போயிரிக்கி."

அதோடு முடிந்தது. கதிரையைக் கூடத்தில் ஒரு மூலையில் வைத்து, பொலித்தீனுக்கு மேலே பூப்போட்ட துணி ஒன்றை விரித்தாள். எங்கள் வீட்டில் இருந்த கதிரைகளிலேயே அதுதான் நல்ல கதிரை. வந்தவர்களை அதில் உட்காரவைக்கத் தொடங்கினாள். உம்மாவின் பேரில் குர்ஆன் கத்தம் ஓதிய அன்று, ஓத வந்த லெப்பையை மரியாதையாக அதில் இருத்தினார்கள். ஓதி முடித்துத் தேத்தண்ணிக்குக் கை நீட்டினார் மனிதர், கதிரை அவரோடு பின்னால் ஓடி அலுமாரியில் முட்டியது. தேத்தண்ணி தாடியில். நான் திரைக்குப் பின்னால் இருந்து சிரித்த சிரிப்பில் ராத்தா என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளினால் என் கால் அறியும், அசையத்தான் செய்யாது. அப்படி முசுப்பாத்தியாகவும் நாட்கள் போயின. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தத் துணிக்கு அடியில் தெரிந்த கறுப்புச் சில்லைப் பார்க்கையில் எனக்கு வயிறு எரியும். எனக்கென்று வந்த பொருளில் ஊரெல்லாம் உட்கார்ந்துவிட்டுப் போகிறது, நான் மட்டும் உட்காரவில்லை.

பிறகு சம்மாந்துறையில் ஒரு மௌத்து. ராத்தா விடியவே என்னைக் கக்கூசுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டு, மதியம் லுஹர் தொழுகைக்கு முன் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வழியில் ஏதோ நடந்து றோட்டை மூடிவிட்டார்கள். அந்த யுத்த காலத்தில் அது புதினமே இல்லை. யார் எங்கே நின்றார்களோ அங்கேயே நிற்க வேண்டியதுதான். லுஹர் பாங்கும் சொல்லியாயிற்று. ராத்தா வரவில்லை. பின்னேரத்து அசரும் வந்தது. நான் அறைக்குள் சுவரோடு சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒழுங்கையில் சனம் இல்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பவும் வழியில்லை.

மச்சான் திரைக்கு அப்பால் வந்து நின்றார். "புள்ள, ஏதும் வேணுமா?"

"இல்ல, மச்சான்."

அவர் போகவில்லை. பிறகு பொலித்தீன் கிழிபடும் சத்தம் கேட்டது. சில்லுக்கதிரை திரைவரைக்கும் உருண்டு வந்து நின்றது. பின்வாசல் படியில் அவர் பலகை ஒன்றைச் சாய்க்கும் சத்தமும் கேட்டது. திரும்பவும் அவருடைய குரல், சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல: "நான் தெருக்கதவடியில நிக்கிறன். உள்ள பாக்கமாட்டன். நீ உன்ட அலுவலப் பாரு."

நான் அதில் ஏறியதை எப்படிச் சொல்வது! தவழ்ந்து தவழ்ந்து எனக்குக் கைகள் நல்ல பலம். ஒரு தரம் கதிரை நழுவியது. அடுத்த தரம் அதைச் சுவரோடு அணைத்து வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். பலகையில் இறங்கும்போது கலிமாவைச் சொன்னேன். வளவு மண் அப்போது நன்றாக இறுகிக் கிடந்தது. போன பெருநாளுக்கு வழக்கப்படி பரப்பிய மணல் மழையில் கரைந்து, மிதிபட்டு, தினமும் கூட்டுப்பட்டு மெலிந்துபோயிருந்தது. சில்லு உருண்டது. தகரக் கதவு நான் பார்த்திராத உயரத்தில் இருந்து கிட்ட வந்தது. உள்ளே போய்க் கொக்கியைப் போட்டுக்கொண்டு அழுதேன். ஒருவரும் பார்க்காமல் அழுவதற்கு எனக்குக் கிடைத்த முதல் இடம் அதுதான்.

திரும்பி நேரே வீட்டுக்கு வந்தேனா? வரவில்லை. கிணற்றைச் சுற்றினேன். முருங்கைக்குக் கீழே போய் நின்றேன். வேலிக்கருகே போனேன். ஒரு காரியமும் இல்லாமல் வளவில் இங்குமங்கும் உருட்டித் திரிந்தேன். பொழுதுபட்டு மஃரிபுக்குக் கிட்ட ராத்தா ஓடிவந்தாள், முக்காடு கலைந்து, மூச்சிரைக்க, "என்ட புள்ள, என்ட புள்ள" என்று சொல்லிக்கொண்டே. பின்வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அவள் காலையில் கூட்டிவிட்டுப் போன வளவெல்லாம் சில்லுத்தடம். முருங்கைவரைக்கும், வேலிவரைக்கும். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலையில் விளக்குமாற்றோடு வளவில் இறங்கினாள். "ராவைக்கு யானை வந்து போயிரிக்கி போல" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு தடம் முழுவதையும் கூட்டினாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னைத் தூக்குவதையும் விட்டுவிட்டாள்.

என் ஆசை நிறைவேறிவிட்டது. தேவையான நேரம் போனேன், தேவையான நேரம் வந்தேன். தண்ணீர் நிறையக் குடித்தேன். ஆனால் வீடு எனக்கு ஊமையாகிப் போயிற்று. ராத்தா சோறு தருவாள், சீப்பால் தலை இழுத்து விடுவாள், உடுப்புத் தோய்ப்பாள். எல்லாம் செய்வாள், புதினம் மட்டும் சொல்லமாட்டாள். கூடத்தில் மச்சான் இருப்பார், குசினியில் அடுப்பு இருக்கும், அவளுடைய வாய்க்கும் என் காதுக்கும் நடுவில் ஒரு வளவுத் தூரம் வந்துவிட்டது. "என்னகா ராத்தா, ஒண்டும் கதைக்கிறல்ல?" என்று கேட்டால், "உனக்கென்ன, நீ உன்ட வாகனத்தில போற வாற ஆள்" என்பாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். நானும் கதைக்காமல் விட்டுவிடுவேன். அப்படியே மாதங்கள் போயின. என்னை ஒருவரும் தொடவில்லை என்பது ஒருநாள் திடீரென்று உறைத்தது. தலை இழுத்து விடுகையில் படும் விரலைத் தவிர ஒரு மனிதச் சூடு என் மேலே பட்டு எத்தனை காலம்!

அந்த நாட்களில்தான் அடுத்த வீட்டுக்காரி வேலியால் எட்டிப் பார்த்து, "பாவம் உன்ட ராத்தா, அந்தப் புள்ளையும் கிடைக்காமப் போச்சே" என்றாள். எந்தப் பிள்ளை? மச்சானின் சொந்தத்தில் ஒரு கைக்குழந்தையை எடுத்து வளர்க்கக் கேட்டிருந்தார்களாம். தருகிறோம் என்று சொல்லி, ராத்தா சின்னச் சட்டைகள் எல்லாம் தைத்து வைத்த பிறகு, மாட்டோம் என்றுவிட்டார்களாம். ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே கிடக்கும் எனக்குத் தெரியாது. நான் முருங்கைக்குக் கீழே கதிரையை நிறுத்தி அன்று நெடுநேரம் இருந்தேன். ராத்தா மீது கோபமா, கதிரை மீது கோபமா என்று எனக்கே விளங்கவில்லை.

நோன்பு முடியும் தறுவாயில் மணல் வந்தது. பெருநாளைக்கு வளவுக்குப் புதுமணல் போடுவது எங்கள் ஊர் வழக்கம். ஏழை வீடென்றாலும் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டி மணலாவது பறித்து, வெள்ளையாகப் பரப்பி, கால் படாமல் பார்த்துக்கொள்வார்கள். பெருநாள் காலையில் எந்த வீட்டு வாசல் வெள்ளை என்று பெண்களுக்குள் ஒரு போட்டியே இருக்கும். அந்த வருடம் ராத்தா இரண்டு வண்டி இறக்கினாள். சின்னச் சட்டைகளின் கவலையை மணலில் தீர்த்தாள் போலும், நாரியைப் பிடித்துக்கொண்டே வளவு முழுக்கப் பரப்பினாள். சில்லைப் பற்றி அவள் நினைக்கவில்லை. சத்தியமாக நானும் நினைக்கவில்லை. பால் மாதிரிக் கிடந்த வளவைப் பார்த்து, "அழகா இரிக்கி ராத்தா" என்றும் சொன்னேன். "ம்" என்றாள்.

பெருநாள் காலை. மச்சான் புதுச் சாரன் உடுத்து, அத்தர் பூசித் தொழுகைக்குப் போய்விட்டார். பள்ளியில் தக்பீர் சொல்வது கேட்டுக்கொண்டிருந்தது. நான் புது உடுப்போடு பலகையில் இறங்கினேன். ஒரு உருட்டு, இரண்டு உருட்டு, கதிரை நின்றுவிட்டது. உன்னி உருட்டினேன், முன்சில்லு இரண்டும் மணலுக்குள் மறைந்தன. பின்னுக்கு இழுத்தேன், பின்சில்லும் இறங்கியது. கிணற்றுக்கும் படிக்கும் நடுவில், வெள்ளை மணலில், புது உடுப்போடு குத்திட்டு நிற்கிறேன். கீழே இறங்கித் தவழ்ந்தால் உடுப்பு போகும். தொழுகை விட்டால் ஊர் வந்துவிடும். வயிறோ முட்டிக்கொண்டு வருகிறது.

கழுத்தைத் திருப்பிக் கிறுகிப் பார்த்தேன். குசினி வாசலில் ராத்தா நின்றாள், கையில் அகப்பையோடு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. கூப்பிடட்டும் என்று நிற்கிறாள் என்று விளங்கியது. கூப்பிடமாட்டேன் என்று நான் தகரக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே உம்மாவின் பிடிவாதம். குனிந்து விரலால் சில்லடி மணலைக் கிண்டினேன். கிண்டக் கிண்ட மணல் சரிந்து வந்து மூடியது. தக்பீர் நின்றது. தொழுகை தொடங்கிவிட்டது. வெயில் கண்ணுக்குள் குத்தியது. பல்லைக் கடித்தேன், தொழுகை முடிந்து குத்பாப் பிரசங்கமும் தொடங்கிற்று. இனி ஏலாது என்று வந்தபோது, என் வாயிலிருந்து என் குரலே இல்லை, ஐந்து வயதுப் பிள்ளையின் குரல் வந்தது.

"ராத்தா!"

அகப்பை விழுந்த சத்தமும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றதும் ஒன்றுதான். மணலில் மண்டியிட்டு முதுகைக் காட்டினாள். நான் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "யா அல்லாஹ்" என்று முனகிக்கொண்டு எழும்பினாள். இரண்டடி வைத்துவிட்டு நின்றுவிட்டாள். அவளுடைய முதுகு குலுங்குவது என் நெஞ்சுக்குத் தெரிந்தது.

"என்ன உம்மா எண்டு கூப்பிட இந்த வீட்டில ஆளில்ல" என்றாள் என் காதுக்குள். "ராத்தா எண்டு கூப்பிடவும் ஆளில்லாமப் போச்சி. அந்தக் கதிரை வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும் புள்ள, இனி நீ என்னக் கூப்பிடமாட்டாய் எண்டு."

நானும் அழுதேன். அழுதுகொண்டே, "ராத்தா, முதல்ல கக்கூசு, கக்கூசு!" என்று கத்தினேன். அவள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஓடினாள். திரும்பி வருகையில் கிணற்றடியில் நின்று அந்தக் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். சட்டைகளின் நிறத்தைச் சொன்னாள். என்னை முதுகில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தெருக்கதவு திறபடும் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போனோம்.

பெருநாள் கழிந்த மறுநாள், நான் எழும்பி வந்து பார்க்கையில் ராத்தா மண்வெட்டியோடு வளவில் நின்றாள். பின்வாசல் பலகையிலிருந்து தகரக் கதவுவரைக்கும், கதிரையின் அகலத்துக்கு, புதுமணலை வழித்து இரண்டு பக்கமும் ஒதுக்கியிருந்தாள். அடியிலிருந்த இறுகிய மண் கறுப்பாகத் தெரிந்தது. அவ்வளவு ஆசையாகப் பரப்பிய வெள்ளை வளவை அவளே கீறிப் போட்டிருந்தாள். "மச்சானிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "அவருக்கு உன்ட சில்லுட அளவு தெரியாது" என்றாள்.

நான் மடைச்சி, இனிக் கதிரையும் எனக்கு, ராத்தாவும் எனக்கு என்று நினைத்தேன். சில நாள் பொறுத்து, ஒரு தேவையும் இல்லாமல், குசினி வாசலுக்குப் போய், "ராத்தா, இண்டைக்கு என்னத் தூக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதுகைக் காட்டிக் குந்தினாள். நான் கட்டிக்கொண்டதும் எழும்பப் பார்த்தாள். பாதியில் "ஆ" என்று ஒரு சத்தம். நாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறிப் போயிருந்தது. பெருநாளன்று தூக்கியதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரிந்தது.

கொஞ்சம் மூச்சு வந்ததும், என்னைப் பாராமல், "வழி இரிக்கிதானே புள்ள. போ" என்றாள்.

போனேன். அதன் பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் அந்த ஒரு கீற்றை விட்டுவிட்டுத்தான் அவள் மணல் பரப்புவாள். நான் அதில் போகும்போதெல்லாம் குசினிப் பக்கம் பார்த்து, "ராத்தா!" என்று ஒரு கூப்பிடு கூப்பிடுவேன். தேவை ஒன்றும் இல்லை. "ஓம்" என்று உள்ளே இருந்து ஒரு குரல் வரும். அதற்குமேல் ஒன்றும் கதைப்பதில்லை. அவள் வீட்டில் இல்லாத நாட்களிலும் குசினியைக் கடக்கையில் கூப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.